மூன்று கைப் படம்

றொசானிக்கு மூன்று கைகள். நம்பாதவர்கள் சுவிசில் இருக்கும் அவளுடைய பெரியம்மாவைக் கேட்கலாம். படம் அவரிடம் இருக்கிறது.

போன நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்த படம் அது. குடும்பமாக ஒரு படம் வேண்டும் என்று ஆசைப்பட்டு, களுவாஞ்சிக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சிவதர்ஷனைப் பெரியகல்லாற்றில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள் றொசானி. வந்தவனுக்கு வாசலிலேயே சிக்கல். றொசானியின் புருசன் பற்றிக்கும் அவளுடைய தம்பி பிறின்சும் ஒரே படத்தில் நிற்க மாட்டார்களாம். ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் கிணற்றடிக்குப் போய்விடுவார். சிவதர்ஷன் எத்தனையோ கலியாண வீடு கண்டவன், அசரவில்லை. “ஒரு பிரச்சினையும் இல்லக்கா. தனித்தனியா எடுப்பம். மறுகா கம்பியூட்டரில ஒட்டித் தாறன், ஆருக்கும் தெரியவராது” என்றான்.

ஒட்டித்தான் தந்தான். முதல் படத்தில் புருசனோடும் மகள் ஜெனிற்றாவோடும் றொசானி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு லட்சணமாக இருந்தாள். இரண்டாவது படத்தில் தம்பியின் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள். தம்பியை மட்டும் வெட்டியெடுத்து முதல் படத்தில் ஒட்டியபோது, அவனுடைய முழங்கையைப் பிடித்திருந்த அக்காவின் கையும் கூடவே வந்துவிட்டது. சொந்தக்காரி இல்லாத ஒரு கை, இரண்டு வளையல்களோடு, பிறின்சின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றது. றொசானி அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காமலேயே குடும்ப வட்சப் குழுவில் போட்டாள்.

“புள்ள, உனக்கு எத்தின கை?” என்று சுவிசிலிருந்து பெரியம்மா கேட்டார். அதற்குப் பிறகு கனடா சிரித்தது, லண்டன் சிரித்தது. அடுத்த வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “இன்னொரு கையும் முளைச்சா சொல்லுகா, நாங்க கும்பிடத் தொடங்கிருவம்” என்றாள். றொசானி ஒரு கிழமை தெருவில் தலைகாட்டவில்லை. அந்தப் படத்துக்கென்று முன்னறைச் சுவரில் அடித்த ஆணி ஒரு வருடமாக வெறுமனே கிடந்தது. இனிமேல் ஸ்டூடியோவும் வேண்டாம், ஒட்டுவதும் வேண்டாம், இரண்டு பேரையும் உயிரோடு ஒன்றாக நிறுத்தித் தன் கைப்பட, தன் வீட்டில், தன் போனிலேயே எடுப்பது என்று அவள் முடிவுகட்டினாள்.

இந்த இரண்டு ஆண்பிள்ளைகளின் சண்டையையும் சொல்லிவிட வேண்டும். சண்டை ஒரு யன்னலைப் பற்றியது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கூடப்பிறந்த ஆண்பிள்ளைகள் உழைத்துக் கட்டுவார்கள்; தாலி கட்டுகிற மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். பிறின்ஸ் ஒரு மேசன். கட்டாரில் யாரார் வீட்டுக்கோ மாடி கட்டிய காசில், லீவில் வந்து நின்று, தன் கையாலேயே அக்காவுக்கு இந்த வீட்டைக் கட்டினான். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்; முன்னறையில் அந்த ஆற்றைப் பார்த்தபடி அகலமாக ஒரு யன்னல் வைத்தான். அந்த யன்னலில் அவனுக்கு உயிர். கட்டாரில் கட்டிலில் படுத்துக்கொண்டு அதன் படத்தைத்தான் கூட வேலைசெய்தவர்களுக்குக் காட்டுவானாம்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியவன், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் முன்னறையில் நின்றான். யன்னல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. அதுவும் என்ன சுவர்! ஒரு கல் முன்னுக்கு, ஒரு கல் பின்னுக்கு, நடுவில் பிதுங்கிக் காய்ந்த சீமெந்து. யன்னலை அடைத்தது ஒரு குற்றம், அடைத்த விதம் அதைவிடப் பெரிய குற்றம். வீடு பார்க்க வந்த அயலட்டை எல்லாம் நிற்க, “இது ஆர்ர வேலை?” என்று கத்தினான். “வீட்டில இருக்கிறவன்ட வேலை” என்றான் பற்றிக். அதுதான் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு.

பிறின்ஸ் அதே வளவில் பின்பக்கம் ஒரு அறை போட்டுக்கொண்டு இருந்துவிட்டான். ஒரே கிணறு, ஒரே படலை, ஆனால் ஒரு வார்த்தை இல்லை. ஆரம்பத்தில் சேதி கொண்டு ஓடியது றொசானிதான். ஆறு மாதத்தில் அவளுக்குக் கால் தேய்ந்துவிட்டது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, “இனி இவனுகள்ர ஒரு கதையும் காவ மாட்டன்” என்று சத்தியம் பண்ணினாள். அந்த வேலையை ஐந்தரை வயதில் மகள் ஜெனிற்றா எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. மாமாவிடம் ஓடுவாள், அப்பாவிடம் ஓடுவாள், இரண்டு பக்கமும் ஏதாவது தின்னக் கிடைக்கும். அதிசயம் என்னவென்றால் அவள் தொடங்கியதிலிருந்து சண்டை மெல்ல இளகியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பற்றிக் ஆற்றில் பிடித்த நண்டில் ஒரு சட்டி கறி பின்னறைக்குப் போனது. பிறின்ஸ் பற்றிக்கின் தோணிக்கு ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தான். பேச்சு மட்டும் வரவில்லை.

இப்போது, வருகிற தைமாதம் பிறின்சுக்குக் கலியாணம். பெண் மட்டக்களப்பு ரவுணில். தாலி கட்டினால் அவனும் அந்த வீட்டு மனிதன். பிறகு இந்த வளவில் அவன் விருந்தாளி. அதற்கு முன் ஒரு படம், புருசனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, கூடத் தானும் மகளும். இதைவிட றொசானி இந்த வருடம் மாதாவிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

நாளும் கிடைத்தது. மார்கழி எட்டு, மாதா திருநாள். ஜெனிற்றாவுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அந்த விருந்துக்கு இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தே ஆக வேண்டும், தப்ப வழியில்லை. வந்தார்கள். பற்றிக் கிழக்கே பார்த்துச் சோறு தின்றான், பிறின்ஸ் மேற்கே பார்த்துச் சோறு தின்றான். பிறின்ஸ் எப்போதும் அந்த அடைத்த சுவருக்கு முதுகைக் காட்டித்தான் இருப்பான்; மேசன் கண்ணால் அதைப் பார்க்க ஏலாதாம். கேக் வெட்டி, கை கழுவியதும் றொசானி கதவடியில் போய் நின்றுகொண்டாள்.

“ஒருத்தரும் அசையாதீங்க. படம் எடுக்கப் போறம்.”

“சிவதர்ஷன் வாறானா?” என்று பயந்துபோய்க் கேட்டான் பற்றிக்.

“இல்ல. நான்தான்.”

மேசைக்கு மேல் கதிரை, கதிரைக்கு மேல் பால்மா டின், டின்னுக்கு மேல் பின்னேரம் இடியப்பத்துக்குக் குழைத்து வைத்த மாவில் ஒரு உருண்டை, அந்த உருண்டையில் குத்திவைத்த போன். பத்து வினாடி தருவதாகப் போன் சொன்னது. றொசானி அமத்திவிட்டு ஓடினாள். கதிரைக் காலில் சேலை மாட்டியது. முதல் படத்தில் விழுந்தது றொசானியின் முதுகு, முழுப் படத்துக்கும் முதுகு.

“ஒண்டும் இல்ல, இன்னொருக்கா.”

இரண்டாவது தடவை அவள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் மாவு இளகி, போன் மெல்ல மெல்லத் தலை குனிந்து, நான்கு பேருடைய முழங்கால்களை மட்டும் அருமையாக எடுத்திருந்தது. றொசானிக்கு அதிலும் சந்தோசம். நான்கு வருடத்தில் முதல் தடவையாகப் புருசனின் முழங்காலும் தம்பியின் முழங்காலும் ஒரே படத்தில் இருந்தன. மாவோடு இன்னும் ஒரு பிடி அரிசிமாவைச் சேர்த்து இறுக்கிக் குத்தினாள்.

மூன்றாவது படத்தில் எல்லோரும் இருந்தார்கள், ஆனால் யார் யாரென்று தெரியவில்லை. அறை அவ்வளவு இருட்டு. காலையிலிருந்து மாரி மழை கொட்டித் தீர்த்து அப்போதுதான் விட்டிருந்தது. கரண்ட் பத்து மணிக்கே போய்விட்டது. ஃப்ளாஷைப் போட்டு எடுத்தாள். நான்கு பேருக்கும் பூனைக் கண். முற்றத்துக்குப் போகலாம் என்றால் கணுக்கால் வரைக்கும் வெள்ளம், ஜெனிற்றாவோ தலையில் முக்காடும் நிலம் தொடுகிற வெள்ளைச் சட்டையுமாக நிற்கிறாள். வாசற்கதவால் வருகிற கொஞ்ச வெளிச்சம்தான் கதி. அந்த வெளிச்சத்தில் நான்கு பேரும் நிற்க வேண்டுமென்றால் நெருங்கித்தான் நிற்க வேண்டும். பற்றிக்குக்கும் பிறின்சுக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம் போல இடம் கிடந்தது.

“ஜெனி, மாமாவக் கொஞ்சம் கிட்ட வரச் சொல்லு” என்றான் பற்றிக். மாமா இரண்டு முழம் தள்ளித்தான் நின்றார்.

“கிட்ட வந்தா அந்தக் கோணல் சுவரும் படத்தில விழும். வெறிகாரன் கட்டின மாதிரி ஒரு சுவருக்கு முன்னால நான் நிக்க மாட்டனெண்டு அப்பாட்டச் சொல்லு” என்றான் பிறின்ஸ்.

ஜெனிற்றா அப்பா பக்கம் கிறுகினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கையிலிருந்த செபமாலையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு வகுப்பில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“வெறிகாரன் கட்டின மாதிரி ஒரு சுவருக்கு முன்னால மாமா நிக்க மாட்டாராம்.”

பற்றிக்கின் முகம் சுண்டியது. அவனுக்கு இப்படி ஒரு சேதி இதுவரைக்கும் வந்ததே இல்லை. பிறின்ஸ் அதைவிட அதிர்ந்துபோய் நின்றான்.

“புள்ள, அத அப்பிடியேவா சொல்லுற?”

“ஓம் மாமா. நேத்து பாவசங்கீர்த்தனத்தில பாதர் சொன்னவர். மூண்டு மங்கள வார்த்தை செபம் சொல்லோணும், மறுகா இனி ஆர் என்ன சொன்னாலும் கூட்டாமக் குறைக்காமச் சொல்லோணும்.”

“அப்ப இவ்வளவு நாளும்?” என்றாள் றொசானி.

“கூட்டித்தான் சொன்னன்” என்றாள் மகள். “கூடத்தான் கூட்டினன்.”

பற்றிக் கதிரையில் இருந்துவிட்டான். “போன ஞாயிறு என்ட நண்டுக்கறி மாதிரி ஊரிலேயே இல்லையெண்டு மாமா சொன்னவரெண்டு சொன்னியே?”

“அது நான்.”

“மாமா என்ன சொன்னவர்?”

“உப்பு கூடவாம்.”

பிறின்சுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் அவனுக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. “அப்ப நான் கட்டின புகைக்கூட்ட அப்பா புகழ்ந்தது?”

“அதுவும் நான்தான். புகை முழுக்க வீட்டுக்குள்ளதான் வருதெண்டு அப்பா சொன்னவர்.”

இப்போது பற்றிக்குக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் பிறின்ஸ் சிரிக்கவில்லை. குனிந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே வந்தான்.

“ஜெனி, ஞாயிறு ஞாயிறு உன்னட்ட ஒரு கேள்வி கேட்டனே. யன்னல ஏன் அடைச்சவரெண்டு கேட்டு வரச் சொல்லி. அதக் கேட்டியா?”

அவள் தலையை ஆட்டினாள். “கேக்கல்ல. அத நீங்க கோவமாத்தான் கேக்கிறனீங்க. அதால ‘மாமா சுகமா எண்டு கேக்கிறார்’ எண்டு சொல்லிருவன்.”

“நானும் ‘நல்ல சுகம், ஆண்டவன் புண்ணியத்தில’ எண்டு சொல்லியனுப்புவன்” என்றான் பற்றிக் மெதுவாக, சுவரைப் பார்த்துக்கொண்டு. “இந்த மனுசன் இவ்வளவு அக்கறையா ஒவ்வொரு கிழமையும் சுகம் விசாரிக்கிறானே எண்டு நினைச்சன்.”

“எனக்கு வந்த பதில் அதில்ல” என்றான் பிறின்ஸ், அவனும் கூரையைப் பார்த்துக்கொண்டு. “அப்பா யோசிச்சுச் சொல்லுறாராமெண்டு சொன்னாள். நாலு வரிசமா யோசிக்கிறார், அப்பிடி என்னத்தத்தான் யோசிக்கிறாரெண்டு எனக்கு விசர் பிடிச்சுப்போச்சு!”

றொசானி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். சமாதானம் பண்ணுகிறேன் என்று இந்தச் சின்ன வாய் நான்கு வருடச் சண்டையைச் சீனிப்பாகில் போட்டுப் பழுதாகாமல் வைத்திருந்திருக்கிறது. அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“சரி. இப்ப கேளு” என்றான் பிறின்ஸ். “கூட்டாமக் குறைக்காமக் கேளு.”

ஜெனிற்றா கிறுகினாள். “அப்பா, யன்னல ஏன் அடைச்சீங்க?”

பற்றிக் தொண்டையைச் செருமினான். “மாமாட்டச் சொல்லு. உனக்கு நாலு வயசு. இப்பிடித்தான் மாரி. ஆத்துக் காத்து அந்த யன்னலால நேரா வந்து அடிச்சது. உனக்கு முட்டு வருத்தம் வந்து, மூச்சு எடுக்க ஏலாம நீலமாப் போயிற்றாய். மூண்டு நாள் ஆசுபத்திரியில வெச்சிருந்தம். வீட்ட கொண்டுவந்தா திரும்பவும் அந்தக் காத்து. மேசன் ஆரும் மழைக்குள்ள வர மாட்டனெண்டுட்டானுகள். நான் வலை பின்னுறவன், எனக்கென்ன கல்லு வைக்கத் தெரியும்? தெரிஞ்ச மாதிரி வெச்சு அடைச்சன். அது கோணல்தான். எனக்கும் கண் தெரியும்.”

ஜெனிற்றா சேதி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பிறின்ஸ் அக்காவைப் பார்த்த பார்வையில் றொசானிக்கு உடம்பு கூசியது.

“அக்கா, இவளுக்கு வருத்தம் வந்தது எனக்கேன் சொல்லல்ல?”

“நீ கட்டாரில இருந்தாய்டா. தூரத்தில இருக்கிறவனுக்கு ஆராவது வருத்தம் துன்பம் சொல்லுவாங்களா? பிள்ளையெண்டா வேலைய விட்டுட்டு ஓடி வந்திருப்பாய். மறுகா நீ வந்தாப்போல இவர் சொல்லியிருப்பாரெண்டு நான் நினைச்சன்.”

“றொசானி சொல்லியிருப்பாள், தெரிஞ்சும் கத்துறானெண்டு நான் நினைச்சன்” என்றான் பற்றிக்.

பிறின்ஸ் செருப்பைக்கூடப் போடாமல் வெள்ளத்துக்குள் இறங்கிப் பின்பக்கம் போய்விட்டான். போச்சு. படமும் போச்சு, தம்பியும் போனான், தைமாதம் வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவும் மாட்டான். றொசானி மாவுருண்டையிலிருந்து போனைப் பிடுங்கப் போனாள்.

பிறின்ஸ் திரும்பி வந்தான். கையில் மேசன் பை. பையிலிருந்து பெரிய சுத்தியலும் உளியும் வந்தன.

“இப்பவும் முட்டு வருதா எண்டு அப்பாட்டக் கேளு.”

“மூண்டு வரிசமா இல்லையெண்டு சொல்லு.”

“அப்ப மேசையத் தள்ளச் சொல்லு. படத்துக்கு வெளிச்சம் வேணும்.”

“டேய், இண்டைக்கா?” என்று கத்தினாள் றொசானி. “சட்டை! பிள்ளைட சட்டை! கேக்!”

யார் கேட்டார்கள்? கேக்குக்கு மேல் பேசினைக் கவிழ்த்தாள். ஜெனிற்றாவைப் படுக்கை விரிப்பால் மூக்கு மட்டும் தெரியச் சுற்றினாள். பிறின்ஸ் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினான். பற்றிக் பாய்ந்து வந்து அந்தச் சுத்தியலைப் பிடித்தான். றொசானிக்கு உயிர் போய் வந்தது.

“ஜெனி, மாமாட்டச் சொல்லு. அவர் கட்டின யன்னல அவர் என்னவும் செய்யட்டும். இந்தச் சுவர் நான் வெச்சது. நான்தான் உடைப்பன்.”

“சுத்தியல் என்டதெண்டு சொல்லு.”

“சுவர் என்டதெண்டு சொல்லு.”

“நானொண்டும் சொல்ல மாட்டன், எனக்குக் கை வெளிய எடுக்க ஏலாம இரிக்கு” என்றாள் விரிப்புக்குள்ளிருந்து ஜெனிற்றா.

கடைசியில் சுத்தியல் பற்றிக்கிடமும் உளி பிறின்சிடமும் போனது. நான்கு வருடம் பேசாத மனிதனின் சுத்தியலுக்குக் கீழே கையை நீட்டி உளியைப் பிடிப்பதென்றால் அதற்கு ஒரு துணிவு வேண்டும். பிறின்ஸ் பிடித்தான். முதல் அடியில் சுவர் அதிர்ந்தது. இரண்டாவது அடியில் மேல் வரிசை அசைந்தது. மூன்றாவது அடிக்கு வேலையே இருக்கவில்லை, முழுச் சுவரும் “பொதுக்” என்று வெளிப்பக்கம் வெள்ளத்துக்குள் விழுந்தது.

“இதுக்குள்ள சீமெந்து எண்ட ஒண்டு போட்டவரா எண்டு கேளு” என்றான் பிறின்ஸ் வாயைப் பிளந்து.

அறைக்குள் ஆறு வந்துவிட்டது. மழை கழுவிய வானமும், அதற்குக் கீழே வாவி முழுவதும், அக்கரைத் தென்னைகளும், ஒரு தோணியும் வந்து முன்னறையில் நின்றன. அடைத்ததைச் சுற்றி பிறின்ஸ் கட்டிய நிலை ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. றொசானி நான்கைந்து வருடமாகப் பார்க்காத தன் வீட்டைப் பார்த்தாள். சுவரின் நிறம் இவ்வளவு நல்ல பச்சை என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அவசரமாகப் படம் ஞாபகம் வந்தது.

“நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க! வெளிச்சம் போகப் போகுது!”

விரிப்பை உருவினாள், முக்காட்டை நேராக்கினாள், கதிரையையும் டின்னையும் மாவையும் மற்றப் பக்கம் காவினாள். பற்றிக்கையும் பிறின்சையும் தோளில் பிடித்துத் தள்ளி யன்னல் பக்கமாக முகம் பார்க்க நிறுத்தினாள். இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம் வந்தது. போனை அமத்திவிட்டு ஓடிவந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். பத்து, ஒன்பது என்று போன் கத்தத் தொடங்கியது.

“ஜெனி,” என்றான் பற்றிக் பல்லுக்குள்ளால், “மாமாட்டச் சொல்லு...”

“இனி நீங்களே சொல்லுங்க அப்பா. நான் இண்டைக்கு லீவு.”

ஆறு. ஐந்து. பற்றிக் விழுங்கினான். பிறின்ஸ் இருமினான். நான்கு. அப்போதுதான், காலை பத்து மணிக்குப் போன கரண்ட் வந்தது.

முன்னறை விளக்கு பளிச்சென்று எரிந்தது. சுவர் உடைத்து ஐந்து நிமிசம் ஆகவில்லை! காலையில் யாரோ முழு வேகத்தில் விட்டிருந்த மேல் விசிறி மடமடவென்று சுழன்று, அறை முழுவதும் கிடந்த சீமெந்துத் தூசியை வாரி எடுத்து நான்கு பேருடைய தலையிலும் கொட்டியது.

“டேய் மச்சான், கரண்ட் வந்திட்டுதுடா!” என்று கத்தினான் பற்றிக், நேரே பிறின்சின் முகத்தைப் பார்த்து.

“வந்தா வரட்டும் அத்தான்!” என்று கத்தினான் பிறின்ஸ்.

போன் படத்தை எடுத்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அந்த வீட்டில் ஒருவரும் மனிதர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. பற்றிக் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறின்ஸ் நிலத்தில் இருந்து சிரித்தான். ஜெனிற்றா “கதைச்சிட்டாங்க! கதைச்சிட்டாங்க!” என்று முதல் நன்மைச் சட்டையோடு வெள்ளத்துக்குள் பாய்ந்து அடுத்த வளவு மாமியிடம் சொல்ல ஓடினாள். சட்டைக்காகக் கத்த வேண்டும் என்று றொசானிக்குத் தோன்றவே இல்லை.

படத்தைப் பெரிதாக்கி முதல் வேலையாக அவள் கைகளை எண்ணினாள். படத்தில் ஒருவரும் கமராவைப் பார்க்கவில்லை. நான்கு பேரும் வாயைப் பிளந்துகொண்டு, முதல் நன்மை வாங்கியவர்கள் போலத் தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக நின்றார்கள். கை ஏழு. றொசானிக்குப் பகீர் என்றது. திரும்ப எண்ணினாள், ஏழுதான். பற்றிக்கின் ஒரு கையைக் காணவில்லை. விரலால் இழுத்து இழுத்துத் தேடினாள். பிறின்சின் மற்றத் தோளில், நீலச் சட்டைக்கு மேல், நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன. அவள் நிமிர்ந்து தம்பியின் முதுகைப் பார்த்தாள். சட்டையின் தோளில் ஒரு கை முழுவதாக, சீமெந்தில், வெள்ளையாகப் பதிந்து கிடந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை. அவனுக்கு அது தெரியவும் தெரியாது.

பின்னேரம் இடியப்பத்துக்கு மா போதவில்லை. பாதியைப் போன் தின்றுவிட்டது. கேக்கை இரவுச் சாப்பாடாக்கிவிட்டு, றொசானி படத்தைக் குடும்பக் குழுவில் போட்டாள். இரண்டு நிமிசத்தில் சுவிசிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

“நல்ல வடிவா இரிக்கு புள்ள. ரெண்டு பேரையும் இந்த முறை சரியா ஒட்டியிருக்கிறான். ஒட்டினதெண்டே தெரியல்ல. எந்த ஸ்டூடியோ?”

இது ஒட்டினதில்ல பெரியம்மா என்று எழுதத் தொடங்கினாள். எழுதியதை அழித்தாள். எழுதினால் யார் நம்பப் போகிறார்கள்?

யன்னலடியில் பிறின்ஸ் புதுக் கதவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான், காற்று ஒரு நூல்கூட உள்ளே வராத கதவாம், பிள்ளைக்கு. நாடாவின் மற்ற நுனி பற்றிக்கின் கையில் இருந்தது.

“அத்தான், நாடாவ நேராப் பிடிங்க!”

“நேராத்தான்டா பிடிக்கிறன். உன்ட நிலைதான் கோணல்.”

“என்ட நிலையா? என்ட நிலையா கோணல்? அந்தச் சுவரக் கட்டிப்போட்டா இதச் சொல்லுறீங்க?”

“உப்பு கூடவெண்டு தின்னவன்தானே நீ! ஒரு ஞாயிறாவது சட்டியில மிச்சம் வெச்சியா?”

“அதெப்பிடி வைக்கிறது? நண்டெல்லோ!”

றொசானி போனில் குரல் பதிகிற பொத்தானை அமத்திப் பிடித்தாள். ஒரு சொல்லும் பேசாமல் அந்த யன்னல் பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். “அம்மா, என்ன செய்யிறீங்க?” என்று கேட்டுக்கொண்டு வந்த ஜெனிற்றாவைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். உள்ளே இரண்டு பேரும் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் முழுதாக மூன்று நிமிசம் பதிந்து, அதைச் சுவிசுக்கு அனுப்பினாள்.